தானாக இறங்கிய பின்கதவு

மாசி மகத்துக்கு முதல் நாள் மாலை. செங் சன்னாசிமலை ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அரிசி மூட்டைகளையும் பூக்கூடைகளையும் சிம்பாங் அம்பாட் வீட்டு வாசலில் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏழு பேர் அமரும் பெரிய எஸ்.யு.வி. அது. பொத்தானை அழுத்தினால் பின்கதவு தானே திறக்கும், தானே மூடும். வாங்கியபோது எங்கள் குடும்பத்துக்கே அது ஒரு பெருமை.

அம்மா திறந்திருந்த கதவுக்குக் கீழே குனிந்து, கூடைகளைச் சாயாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். சாவி வீட்டுக்குள் மேசைமேல் இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. திடீரென்று ‘பீப், பீப்’ என்ற ஒலியோடு கதவு இறங்கத் தொடங்கியது.

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அது அம்மாவின் தோளில் பட்டுவிட்டது. பட்டதும் நின்று, மறுபடி மேலே போனது. தோளில் கன்றிப்போன ஒரு தடம். அவ்வளவுதான், தப்பித்தார். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் உட்கார்ந்து காலணி மாட்டுவது என் ஐந்து வயது மகள்.

திருவிழா முடிந்ததும் ஒரு பெரிய பட்டறைக்கு காரைக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கதவைத் தூக்கும் இரண்டு தண்டுகளையும் மாற்ற வேண்டும், மூவாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். “மாற்றினால் கண்டிப்பாகச் சரியாகிவிடுமா?” என்று கேட்டேன். “மாற்றிப் பார்ப்போம்” என்று பதில் வந்தது. மூவாயிரம் வெள்ளி கொடுத்து மாற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் போர்மன் ஒருவர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தக் கதவுல வேற என்னென்ன வேல செய்யல தம்பி?”

யோசித்தேன். பின்கண்ணாடி வைப்பர் ஒரு மாதமாக ஓடவில்லை. எண் தகட்டு விளக்கும் விட்டுவிட்டு எரிந்தது. இரண்டையும் அற்ப விஷயம் என்று விட்டிருந்தேன்.

“அப்படின்னா தண்டு மேல தப்பு இருக்காதுண்ணே நெனைக்கிறேன். எல்லாத்துக்கும் கம்பி ஒரே வழியாத்தான் போகுது. அங்க பாப்போம்” என்றார்.

கூரைக்கும் கதவுக்கும் இடையே, கீலுக்குப் பக்கத்தில் வளைந்து போகும் கறுப்பு ரப்பர் குழாயை மெல்ல இழுத்தார். உள்ளே மூன்று கம்பிகள் அறுந்திருந்தன. இன்னொன்றின் மேலுறை வெடித்து, செம்பு வெளியே தெரிந்தது. ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் அந்த இடம் வளைந்து நிமிர்கிறது. சில ஆண்டுகளில் கம்பி களைத்துவிடுகிறது.

அந்தச் செம்புதான் அம்மாவின் தோளில் கதவை இறக்கியது. பொத்தானை அழுத்தும்போது அதன் கம்பி காரின் உடலோடு இணைகிறது. கதவுக்கான கட்டுப்பாட்டுக் கருவிக்கு அதுதான் கட்டளை. மேலுறை இல்லாத கம்பி இரும்பில் உரசியதும், யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று கருவி நினைத்துக்கொண்டது. தண்டுகள் தங்களுக்கு வந்த கட்டளையைச் சரியாகவே நிறைவேற்றின. அவற்றை மாற்றியிருந்தால் புதுத் தண்டுகளும் அதையேதான் செய்திருக்கும்.

போர்மன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பழுதான பகுதிகளை வெட்டி, நன்றாக வளையும் புதுக் கம்பிகளைச் சேர்த்து ஈயப் பற்று வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை போட்டார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் சில மாதங்களில் மறுபடி அறுந்துவிடுமாம். கூலி நூற்றைம்பது வெள்ளி.

பேட்டரியை மாட்டிய பிறகு கதவு பாதியில் நின்றது. எனக்குப் பகீரென்றது. அவர் சிரித்தார். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதை எண்ணித்தான் கதவு எங்கே நிற்கிறது என்று கருவி தெரிந்துகொள்கிறது. மின்சாரம் போனால் பல கார்களில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். கதவைக் கையால் முழுவதும் மூடி, பூட்டு விழுந்ததும் பொத்தானால் திறந்தார். கணக்கு மறுபடி சரியானது.

உங்கள் காரில் பின்கதவு முரண்டு பிடித்தால் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். கியர் ‘பி’ நிலையில் இருக்கிறதா? மின்கதவை நிறுத்தி வைக்கும் சுவிட்சை யாராவது தெரியாமல் தட்டிவிட்டார்களா? கதவு பாதியில் நின்றால், தாழ்வான கூரைக்காக யாராவது உயரத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். அடுத்து பேட்டரி. வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். மிகவும் இறங்கிவிட்டால் கதவு அசைய மறுக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்துவிடுவது சாதாரணம். பிறகு வைப்பர், எண் தகட்டு விளக்கு, பின்புறக் கேமரா. இவற்றில் ஏதாவது சேர்ந்து கெட்டிருந்தால் ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும், தூக்கிய கதவு மேலே நிற்காமல் சரிந்தால் தண்டு தளர்ந்திருக்கலாம். அதைக் கழற்றுவது நம் வேலையல்ல. பல தண்டுகளுக்குள் அழுத்தி வைத்த சுருள்வில் இருக்கிறது.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவு ஒருமுறை தானாக அசைந்தாலும், பழுது தெரியும்வரை மின்கதவு சுவிட்சை அணைத்துவிடுங்கள். கதவைக் கையாலேயே திறந்து மூடுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் அதன் கீழே நிற்க விடாதீர்கள். தடை பட்டால் திரும்பிப் போகும் வசதி அம்மாவைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பட்ட பிறகுதான் அது திரும்பியது.

இப்போது கதவு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும் சாமான் ஏற்றும்போது அம்மா என்னை ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். நானும் பிடித்துக்கொள்கிறேன்.