விளக்கலாம் வாங்க!



பாத்திரம் தேய்ப்பதை 'விளக்குவது' என்றும் சொல்வார்கள். ஒரு விஷயத்தைப் புரிய வைப்பதற்கும் அதே பெயர்தான். இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்றிருக்கிறேன். "டிப்ளமோ படிக்கிறவங்களுக்குப் பாத்திரம் தேய்க்கிற பொடியில என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்ம வொர்க்‌ஷாப்பில் சுற்றும் கிரைண்டிங் வீலும், அம்மா கையில் இருக்கும் சபீனா பொடியும் ஒரே ஜாதி. இரண்டுமே உராய்ந்து வேலை செய்பவை. வீலைத் தேர்ந்தெடுக்க நமக்குப் பாடம் உண்டு. பொடியைத் தேர்ந்தெடுக்கத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஒரே ஒரு விதி

எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதை வைத்து, ஜெர்மன் கனிமவியலார் ஃப்ரெடரிக் மோஸ் 1812-ல் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. நமக்கு வேண்டியவை நடுவில் இருக்கின்றன. விரல் நகம் சுமார் 2½. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. ஜன்னல் கண்ணாடி சுமார் 5½. ஃபெல்ட்ஸ்பார் 6. வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் 7. எண் கூடியது, எண் குறைந்ததைக் கீறும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி மிக எளியது: பொடி அழுக்கைவிடக் கடினமாக இருக்க வேண்டும், தேய்க்கப்படும் பரப்பைவிட மென்மையாக இருக்க வேண்டும். இந்த இடைவெளிக்குள் நின்றால் அழுக்கு மட்டும் போகும். தாண்டினால் அழுக்கோடு பாத்திரமும் போகும்! துகளின் அளவும் முக்கியம். 80-ஆம் நம்பர் எமரி பேப்பர் ஜாப்பில் கோடு போடும், 1000-ஆம் நம்பர் அதே ஜாப்பைப் பளபளக்க வைக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

கல்வராயன் மலை நடத்தும் பாடம்

இந்த விதியைப் பார்க்க லேபுக்குப் போக வேண்டியதில்லை. நம்ம கல்வராயன் மலைப் பாறையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்திருக்கின்றன. மழையும் வெயிலும் பட்டுப்பட்டு ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்ஸ் அசைந்து கொடுப்பதில்லை, மணலாகவே நிற்கிறது. ஆகவே கோமுகி ஆற்று மணலில் குவார்ட்ஸ் நிறைய இருக்கும். அதை அள்ளிக் கண்ணாடி டம்ளரைத் தேய்த்தால் கீறல் நிச்சயம். கரையோரக் களிமண்ணில் மணல் கலக்காமல் எடுத்துத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. ஒரே மலையில் பிறந்த இரண்டும் இரண்டு குணம்! விறகடுப்பில் வைக்கும் முன் பானையின் அடியில் மண்ணைக் குழைத்துப் பூசும் பெண்கள் இந்தக் களிமண்ணைத்தான் நம்புகிறார்கள். கரி மண்ணின் மேல் படியும், கழுவும்போது மண்ணோடு போய்விடும். தேய்க்கிற வேலையே பாதி குறைந்துவிடும்.

சாம்பலும் சாம்பலும் ஒன்றல்ல

"சாம்பல்தானே, ஒண்ணும் பண்ணாது" என்பது பொதுவான நம்பிக்கை. மலையில் விறகு எரித்து வரும் சாம்பலுக்கு இது ஓரளவு பொருந்தும். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், கொஞ்சம் பொட்டாசியம் உப்புகள். ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து ரைஸ்மில் பாய்லரில் உமி எரித்து வரும் சாம்பல் வேறு ரகம். அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா; கண்ணாடியையே உரசிப் பார்க்கக்கூடிய கடினம். இரும்புத் தோசைக்கல்லுக்கு அது சரி. எவர்சில்வர் தட்டுக்கும் பீங்கான் கோப்பைக்கும் வேண்டாம்.

வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு தொட்டுத் துடைப்பார்களே, அதிலும் இதே அறிவுதான். வெள்ளி 2½ முதல் 3 வரை உள்ள மென்மையான உலோகம். அதற்கு மென்மையான, மிக நைசான தூளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் நம்ம பாட்டிமார்கள். மோஸ் பெயர் அவர்களுக்குத் தெரியாது, விதி தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு கதை

1886-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பான் ஆமி என்ற துலக்கும் சோப் பிறந்தது. அதுவரை குவார்ட்ஸ் தூள் போட்டுத்தான் அந்த மாதிரி சோப் செய்தார்கள். சுரங்கத்தில் குவார்ட்ஸோடு ஒட்டி வரும் ஃபெல்ட்ஸ்பாரைப் பிரித்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தக் கழிவையே அரைத்துப் போட்டபோது கீறல் குறைந்தது. 7-லிருந்து 6-க்கு இறங்கியதுதான் வித்தியாசம்! விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்கும் நம் நண்பர்களுக்கு ஃபெல்ட்ஸ்பார் பழகிய பெயர். பீங்கான் மேல் பளபளக்கும் கிளேஸ் பூச்சில் அதுதான் சேர்கிறது. இன்னும் மென்மை வேண்டுமென்றால் 3-க்கு இறங்கிச் சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே சுமார் 2½-ல் ஆப்பச்சோடா.

எதற்கு எது?

எவர்சில்வர்: சுண்ணாம்புக்கல் தூள் உள்ள மென்மையான பொடி போதும். கோடு ஓடும் திசையிலேயே தேயுங்கள். இரும்புக் கம்பி நாரின் துணுக்கு ஒட்டிக்கொண்டால் துரு தெரியும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊற வைத்தால் குளோரைடு சிறு குழிகளை அரிக்கும்.

அலுமினியம்: சலவைச் சோடா கலந்த பொடியும் விறகுச் சாம்பலும் காரத்தன்மை உள்ளவை, பாத்திரம் கறுக்கும். அடிப்பிடித்திருந்தால் புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள்.

பித்தளை: புளியின் அமிலமே பச்சைக் களிம்பைக் கரைத்துவிடும். செங்கல் பொடியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. வருடக்கணக்கில் தேய்த்தால் விளக்கின் பூ வேலைப்பாடு மழுங்கிவிடும்.

நான்ஸ்டிக், பிளாஸ்டிக் டப்பா, ஃபைபர் தொட்டி: எந்தப் பொடியும் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் போதும்.

கடப்பா கல், மொசைக் தரை: கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனம். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லு. எலுமிச்சை, ஆசிட் பட்டால் பொங்கி, வெளுத்து, மெருகு போகும்.

குழாயில் வெள்ளை உப்பு: போர்வெல் தண்ணீர் விட்டுப்போன கால்சியம் கார்பனேட் அது. முரட்டுப் பொடி போட வேண்டாம். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் கரையும்.

இன்னொன்று: பச்சை ஸ்க்ரப்பரில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஒட்டியிருக்கும், மோஸ் அளவில் 9. மென்மையான பொடி வாங்கி அதைப் பச்சை ஸ்க்ரப்பரால் தேய்ப்பது, நைஸ் எமரியை வாங்கி வைத்துவிட்டு அரத்தால் தேய்ப்பது போல.

பாக்கெட் சொல்லாததைக் கண்டுபிடிக்க

ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விடுங்கள். சோப்பும் சோடாவும் கரைந்துவிடும், அடியில் நிற்பதுதான் உராயும் தூள். அதை நாலைந்து முறை அலசி இரண்டு பங்கு செய்யுங்கள். ஒரு பங்கை உபயோகமில்லாத கண்ணாடித் துண்டில் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் குவார்ட்ஸோ ஃபெல்ட்ஸ்பாரோ இருக்கிறது. இன்னொரு பங்கில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் உண்டு. தெளிந்த தண்ணீரில் மஞ்சள் தூள் போட்டுச் சிவந்தால் காரம் உண்டு. அந்தப் பொடி அலுமினியத்துக்கு ஆகாது, கையையும் வறட்டும். செலவு ஒரு எலுமிச்சம்பழம்!

பாத்திரத்தைவிட உயிர் பெரிது

குவார்ட்ஸ் தூள் காற்றில் பறந்து மூச்சில் போவது நல்லதல்ல. படிக வடிவச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல் வகைப்படுத்தியது. கல்குவாரியிலும் அரைவை மில்லிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்குத்தான் பேராபத்து. ஆனாலும் வீட்டில் பொடியை உலர்வாகத் தூவாமல் நனைத்தே எடுப்பது நல்ல பழக்கம்.

அதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று. ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-ல் முதல் உலகப் போரில் பெல்ஜியப் போர்முனையில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. கதவு மூடிய சின்ன கழிவறையில், "ரெண்டையும் சேத்துப் போட்டா நல்லா வெளுக்கும்" என்று நினைப்பவர் நம்ம வீட்டிலேயே இருக்கலாம். இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

நிறைவாக

முரட்டுப் பொடி முதல் நாள் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் அது போட்ட கீறலுக்குள் மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கு புகுந்துகொள்ளும். அதை எடுக்க இன்னும் முரடான பொடி, அதனால் இன்னும் ஆழமான கீறல். இந்தச் சுற்றில் தேய்வது பாத்திரம் மட்டுமல்ல, தேய்ப்பவர் கையும்தான். நம்மில் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை அம்மாவுடையது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை கடையில் பொடி கேட்கும் முன், அது எந்தப் பரப்புக்கு என்று முதலில் கேளுங்கள். மென்மையில் ஆரம்பியுங்கள், போகாவிட்டால் ஊற வையுங்கள், அதற்கும் போகாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். அப்புறம், வொர்க்‌ஷாப்பில் கற்ற கையோடு வீட்டில் ஒரு நாள் நாமே பாத்திரம் விளக்கிப் பார்ப்போம். படித்த படிப்பு வீட்டுக்கும் உதவட்டும்!