பழி ஓரிடம்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் நண்பர். பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று தாம் திரட்டிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒரு பழைய கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் காலை பொறியை முடுக்கியபோது திரை முழுதும் நீலமாயிற்று. வெள்ளை எழுத்துகளில் ஒரு பிழைச் செய்தி தோன்றியது. அதற்கப்பால் பொறி அசையவில்லை. பழுது பார்ப்பவர், "வன்தட்டு கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நண்பர் மனமுடைந்து என்னிடம் வந்தார். பாடல்களுக்கோ ஒரு தீங்கும் நேரவில்லை! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. அது கணிப்பொறிக்கும் பொருந்தும்.

வன்தட்டை ஓர் ஏட்டுச் சுவடி நிலையம் என்று வைத்துக்கொள்வோம். அதனுள் யாரும் நேரே நுழைந்துவிட இயலாது. வாயிலில் காப்பாளர் ஒருவர் இருக்கிறார். கேட்ட ஏட்டை எடுத்துத் தருபவர் அவரே. கன்ட்ரோலர் எனப்படும் மின்சுற்றுதான் அந்தக் காப்பாளர். அவருடைய மொழி நம் இயங்குதளத்துக்குத் தெரியாது. ஆகவே இடையில் ஒரு துபாஷி வேண்டும். டிரைவர் என்னும் சிறு நிரலே அந்தத் துபாஷி. காப்பாளர் திடீரென்று வேறு மொழி பேசத் தொடங்கினால் துபாஷி திகைத்து நிற்பார். ஏடுகள் வைத்த இடத்திலேயே இருக்கும். எடுத்துத் தர வழியிராது.

இவ்வாறு மொழி மாறுவதும் உண்டு. பழைய முறைக்கு ஐ.டி.இ. என்று பெயர். 2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய முறையை வெளியிட்டது. நண்பரின் பொறியில் இருந்த வின்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. தனக்குப் பின் பிறந்த மொழியை அது எவ்வாறு அறியும்? இதனை உணர்ந்தே, பொறிகளைச் செய்தவர்கள் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இடம் வைத்தனர்.

அப்படியானால், யாரும் தொடாத பொறியில் அந்தத் தேர்வை மாற்றியது யார்? தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. சி.ஆர். 2032 என்பது பெரும்பாலும் அதன் பெயர்; 3 வோல்ட் மின்னழுத்தம் உடையது. பொறி நின்றிருக்கும்போதும் நாள், நேரம் தவறாமல் காப்பது அதுவே. பழைய பொறிகள் பலவற்றில் பயாஸ் தேர்வுகளைக் காப்பதும் அதன் பொறுப்பே. அது ஓய்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேர்வுகளும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே திரும்பிவிடும். நண்பரின் பொறியில் நிகழ்ந்தது இதுதான்.

இத்தகைய இடர் வந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது '7பி' என்று முடிந்தால், தான் தொடங்க வேண்டிய வட்டினை இயங்குதளத்தால் அடைய முடியவில்லை என்பது பொருள். வட்டு இறந்தது என்பது பொருளன்று.

இரண்டாவது, பயாஸ் திரைக்குச் சென்று தேதியைப் பாருங்கள். அது தவறாக இருந்தால் மின்கலத்தின் மீது ஐயம் கொள்ளலாம். வன்தட்டின் பெயர் பட்டியலில் காணப்பட்டால், அது கூப்பிட்ட குரலுக்கு விடையளிக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

மூன்றாவது, இப்போதுள்ள தேர்வை எழுதி வைத்துக்கொண்டு, ஏ.எச்.சி.ஐ. என்பதை ஐ.டி.இ. ஆக மாற்றிப் பாருங்கள். பொறி எழுந்துவிட்டால் மின்கலத்தை மாற்றுவது ஒன்றே மிச்சம்.

நான்காவது, அப்போதும் எழவில்லையெனில், குறுந்தகட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு பொறியைத் தொடங்குங்கள். அது தன் துபாஷிகளைத் தன்னுடனே கொண்டு வரும். வேண்டிய கோப்புகளை முதலில் வேறொரு வட்டிற்குப் படியெடுங்கள், மற்றவை பிறகு. ஆனால், வட்டு 'டிக் டிக்' என்று வழக்கமில்லாத ஒலி எழுப்பினால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது உண்மையான நோய். வல்லுநரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

எக்ஸ்பியைப் புதிதாகப் பதியும்போதும் இதே தடை நேரும். தொடக்கத்தில் எஃப் 6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டு வாயிலாக டிரைவரைக் கொடுப்பது அந்நாளைய வழி. ஐ.டி.இ. முறைக்கு மாற்றிவிட்டுப் பதிவது அதனினும் எளிது. 2014-இல் எக்ஸ்பிக்குரிய ஆதரவு முடிந்துவிட்டமையால், அத்தகைய பொறியை இணையத்தோடு பிணைக்காதிருப்பது நன்று.

நண்பரின் பொறி அன்று மாலையே எழுந்தது. மின்கலத்தை மாற்றினோம், பாடல்களை இரண்டு வட்டுகளில் படியெடுத்தோம். காப்பாளரும் துபாஷியும் பேச்சற்று நின்றார்கள் என்பதற்காக, ஏடுகளை எரித்துவிடலாமா? அழிப்பதற்கு முன் ஒருமுறை வாயிலில் நின்று விசாரியுங்கள்.