செய்தியோடைக்குத் தரச்சான்று தந்தது யார்?

செய்தியோடை என்பது ஓர் இணையதளத்தில் புதிதாக வெளியானவற்றின் தலைப்பு, முகவரி, தேதி, சுருக்கம் ஆகியவற்றை நிரல்கள் படிக்கத் தோதாக அடுக்கிவைத்த ஒரு கோப்பு. புது இடுகை வந்ததும் தளம் அதைப் புதுப்பிக்கும். திரட்டி அவ்வப்போது வந்து எடுத்துக்கொண்டு போகும். காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ இந்த முறையில்தான் தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் கூட்டிக் காட்டியது. பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒருவர் எழுதியதைச் சற்று நேரத்தில் டொரான்டோவில் இருப்பவர் அதன் முகப்பில் பார்க்க முடிந்தது. அதற்குப் பதிவரின் தளமும் திரட்டியும் கோப்பின் வடிவத்தை ஒரே மாதிரி புரிந்துகொண்டாக வேண்டும். அந்த வடிவத்தை வரையறுத்தது யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

செய்தியோடைகளுக்கு ஆர்எஸ்எஸ் என்ற பெயரில் வழங்குவது ஒரே வடிவம் அல்ல. நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் 0.90 பதிப்பையும் ஜூலையில் 0.91 பதிப்பையும் வெளியிட்டது. பிறகு அந்த வேலையைக் கைவிட்டது. 2000 டிசம்பரில் ஒரு குழு ஆர்டிஎஃப் என்னும் தரவு முறையின் மேல் 1.0 பதிப்பைக் கட்டியது. அதே மாதம் யூசர்லேண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் பழைய எளிய வடிவத்தையே வளர்த்து 0.92 என்று வெளியிட்டார். அவரது 2.0 பதிப்பு 2002 செப்டம்பரில் வந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 1.0-இன் அடுத்த படி 2.0 என்றே தோன்றும். உண்மையில் 2.0 என்பது 0.92-இன் வாரிசு, 1.0 வேறு குடும்பம்.

2003 ஜூலையில் 2.0 வரையறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தின் கீழ் வந்தது. இனி மையப் பகுதியில் மாற்றம் இல்லை, புதியன வேண்டுவோர் தனிக் கூறுகளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஆர்எஸ்எஸ் ஆலோசனைக் குழு என்ற தன்னார்வ அமைப்பு பின்னர் தன் பங்குக்குச் சில இடங்களைத் தெளிவுபடுத்தி, 2009 மார்ச்சில் 2.0.11 என்ற திருத்தத்தை வெளியிட்டது. ஆனால் எந்தத் தரநிலை அமைப்பும் ஆர்எஸ்எஸ் 2.0-ஐ ஆராய்ந்து ஏற்றதில்லை. அது பொதுவில் கிடைக்கும் ஓர் ஆவணம். பரவிய பழக்கமே அதன் அதிகாரம்.

இந்தக் குறை நடைமுறையில் எங்கே உறுத்துகிறது என்பதைத் திரட்டி நடத்துபவர்களே நன்கு அறிவார்கள். ஆர்எஸ்எஸ்ஸில் ‘விவரம்’ என்ற பகுதியில் முழு இடுகையையும் வைக்கலாம், இரண்டு வரிச் சுருக்கத்தையும் வைக்கலாம். எது இருக்கிறது என்று திரட்டிக்குத் தெரிய வழியில்லை. தலைப்பில் எச்டிஎம்எல் குறிகள் வரலாமா என்பதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. தேதி இன்னொரு தலைவலி. 2025 பொங்கலன்று காலை ஏழரைக்கு வந்த இடுகைக்கு, கிழமையையும் மாதத்தையும் ஆங்கிலச் சுருக்கமாகவே எழுதி, கடைசியில் +0530 என்று நேர வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும். தளத்தின் தமிழாக்கத்தில் அந்த மாதப் பெயர் ‘ஜன’ என்று மாறிவிட்டால் திரட்டியால் தேதியைப் படிக்க முடியாது. இடுகை வரிசையில் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஓட்டைகளை அடைக்கும் நோக்கத்தோடு, சாம் ரூபி 2003-இல் தொடங்கிவைத்த கூட்டு முயற்சியிலிருந்து ‘ஆட்டம்’ என்ற வடிவம் பிறந்தது. 2004-இல் அது ஐஇடிஎஃப் எனப்படும் இணையப் பொறியியல் செயற்குழுவிடம் போய், 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற ஆவணமாக வெளிவந்தது. சுருக்கமும் முழு உரையும் இதில் தனித்தனிப் பகுதிகள். உரை வெறும் எழுத்தா, எச்டிஎம்எல்லா என்று குறிப்பிட வழி உண்டு. தேதி 2025-01-14 என எண்களால் எழுதப்படுவதால் மாதப் பெயருக்கு அங்கே வேலையே இல்லை.

இவற்றைவிட முக்கியமானது, ஒவ்வோர் இடுகைக்கும் மாறாத அடையாளம் கட்டாயம் என்ற விதி. ஆர்எஸ்எஸ்ஸில் அது விருப்பம்தான். 2012-இல் பிளாகர் சேவை இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பத் தொடங்கியது. முகவரியை மட்டும் நம்பும் நிரலுக்கு இவை இரண்டு வேறு இடுகைகள். பிளாகரின் ஆட்டம் ஓடையில் உள்ள அடையாளமோ ‘டேக்:பிளாகர்.காம்,1999’ என்று தொடங்கும்; தளத்தின் முகவரி மாறினாலும் அது மாறாது.

ஆர்எஃப்சி 4287-இன் நிலை ‘முன்மொழியப்பட்ட தரநிலை’. பெயரைப் பார்த்து அதை அரைகுறை வரைவு என்று நினைப்பது தவறு. ஐஇடிஎஃப்பில் முன்பு மூன்று படிகள் இருந்தன. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6410 அவற்றை இரண்டாக்கியது. மேல்படியான ‘இணையத் தரநிலை’க்கு ஓர் ஆவணத்தை உயர்த்த யாராவது முனைந்து விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான ஆவணங்களுக்கு யாரும் அப்படி முனைவதில்லை. உலகமே பயன்படுத்தும் பல நெறிமுறைகள் முதற்படியிலேயே நிற்கின்றன. முதற்படி ஆவணங்களும் முதிர்ந்தவையே என்று 2014-இல் ஐஇடிஎஃப் எழுத்திலேயே தெளிவுபடுத்தியது.

ஓடை என்பது படிப்பதற்கான வழி. தளத்துக்குள் நுழையாமலே கணினியிலுள்ள ஒரு செயலியிலிருந்து இடுகையை அனுப்ப வேண்டுமானால் வெளியீட்டு நெறிமுறை தேவை. பிளாகர் ஏபிஐ, மெட்டாவெப்லாக் ஏபிஐ என்று நிறுவனங்கள் தத்தம் வழிகளை வகுத்திருந்த நிலையில், 2007 அக்டோபரில் ஐஇடிஎஃப் ஆட்டம் வெளியீட்டு நெறிமுறையை ஆர்எஃப்சி 5023 ஆக வெளியிட்டது. இதுவும் முன்மொழியப்பட்ட தரநிலையே. நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டும் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. வேர்ட்பிரஸ் 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்பில் அதை மைய மென்பொருளிலிருந்து நீக்கியது. பின்னர் 2016-இல் தன் சொந்த இடைமுகத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆய்வேட்டுக் களஞ்சியங்களில் கட்டுரைகளைச் சேர்க்க உதவும் ‘ஸ்வோர்டு’ நெறிமுறையில் அதன் தடம் தொடர்கிறது.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் பிற்பாடு இதே துறையில் இறங்கியது. வெளியிடுவதற்கான ‘மைக்ரோபப்’ 2017-இல் அதன் பரிந்துரை நிலையை எட்டியது. புது இடுகை வந்ததும் திரட்டிக்கு உடனே தகவல் தரும் ‘வெப்சப்’, மாஸ்டடான் போன்ற பரவல் சமூக வலைத்தளங்களை இணைக்கும் ‘ஆக்டிவிட்டிபப்’ இரண்டும் 2018 ஜனவரியில் அந்த நிலையைப் பெற்றன. பரிந்துரை என்பது அந்த அமைப்பின் இறுதிப் படி. 2017-இல் இரண்டு நிரலாளர்கள் வெளியிட்ட ஜேசன் ஃபீட் எந்த அமைப்பின் ஏற்பும் இல்லாமல் நிற்கிறது.

ஒலிபரப்பில் மட்டும் நிலைமை தலைகீழ். பாட்காஸ்ட் உலகம் முழுக்க ஆர்எஸ்எஸ் 2.0-ஐ நம்பி நடக்கிறது. ஒலிக்கோப்பை இணைக்கும் பகுதி 0.92 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆப்பிள் 2005 ஜூனில் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தபோது அதன் மேல் தன் சொந்தக் குறிகளையும் அடுக்கியது. தமிழில் பாட்காஸ்ட் தொடங்குபவருக்கு இன்று வேறு வடிவம் பயன்படாது. எழுத்துக்கு ஓடை தருபவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பிளாகரும் வேர்ட்பிரஸும் இரண்டு வடிவங்களையும் தருவதால் அதற்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை.