கூட்டணியில் தொண்டனுக்கு என்ன பங்கு?



தேர்தல் காலத்தில் கொடி கட்டுபவன் தொண்டன். பூத் சிலிப்பை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவன் அவன். வாக்குச்சாவடியில் விடியற்காலை முதல் மாலை வரை முகவராக அமர்ந்திருப்பவனும் அவனே. முடிவுகள் வெளியாகி, மந்திரிசபையும் அமைந்தபின், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் மக்கள் அவனிடம் ஒன்றைக் கேட்கிறார்கள்: "இவ்வளவு பாடுபட்டீர்களே, நமக்கு என்ன கிடைத்தது?"

கூட்டணியில் சிறிய கட்சியைச் சேர்ந்த தொண்டன் இக்கேள்விக்கு விடையின்றித் தவிக்கிறான். மக்கள் தேர்தலுக்குப் பின் கேட்பதை அவன் தேர்தலுக்கு முன்பே தன் தலைமையிடம் கேட்டிருப்பானேயானால், இந்நிலை வந்திராது.

ஒரே நாள், இரண்டு ஆட்சிகள்

1967 மார்ச் 6. அன்றுதான் சென்னையில் அறிஞர் அண்ணாவும், திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் முதலமைச்சர்களாகப் பதவியேற்றார்கள். கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் தலைமையில் இயங்கிய முஸ்லிம் லீக், இரு மாநிலங்களிலும் வெற்றி பெற்ற அணியில் இடம்பெற்றிருந்தது. ஆயினும் இரு இடங்களிலும் கிடைத்த பலன் ஒன்றாக இருக்கவில்லை.

இங்கே தி.மு.க. தனிப்பெரும்பான்மை பெற்றது. ஆட்சி அமைக்க அதற்கு யார் தயவும் தேவைப்படவில்லை. சட்டமன்றத்தில் லீகின் உறுப்பினர்கள் மூவர். மந்திரிசபையில் லீகுக்கு இடமில்லை. அதில் இருந்த முஸ்லிம் அமைச்சரான ஜனாப் சாதிக் பாட்சாவும் தி.மு.க.வைச் சேர்ந்தவரே.

கேரளத்தில் மொத்தம் 133 இடங்கள். மார்க்சிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 52. பெரும்பான்மைக்கு 67 தேவை. லீகிடம் 14 உறுப்பினர்கள் இருந்தனர். எனவே அங்கே இரு லீகர்கள் அமைச்சர்களாயினர். சி.எச். முஹம்மது கோயா கல்வித்துறையை ஏற்றார். அஹ்மது குரிக்கள் பஞ்சாயத்துத் துறையை ஏற்றார். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியது. 1969 ஜூனில் மலப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் கூட்டணி பிளந்து ஆட்சி கவிழ்ந்தது. ஆனால் பல்கலைக்கழகமும் மாவட்டமும் கவிழவில்லை, இன்றும் நிலைத்திருக்கின்றன. கோயா சாஹிப் 1979இல் சில வாரங்கள் முதலமைச்சராகவும் இருந்தார்.

பெரிய கட்சிக்கு நம் கை தேவைப்படும்போது நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தேவைப்படாதபோது, முன்கூட்டியே எழுதி வாங்கிய சொல் ஒன்றே மிஞ்சும். 1967 நமக்குப் போதிப்பது இதுதான்.

எழுத்தில் இருந்தால் கேட்கலாம்

2004இல் மத்தியில் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் ஒன்றை எழுத்தில் வெளியிட்டது. கிராமக் குடும்பங்களுக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்பது அதில் ஒரு வாக்குறுதி. வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிகள் அதை விடாமல் வலியுறுத்தினார்கள். 2005இல் அது சட்டமாயிற்று.

சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய சிறுபான்மையினர் குறித்து ஆராய ஆணையம் அமைக்கப்படும் என்ற வாக்குறுதியும் அதே செயல்திட்டத்தில் இருந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அமைந்தது. முஸ்லிம்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு வழங்கலாம் என 2007இல் பரிந்துரையும் செய்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. எழுதி வாங்குவது பாதி வேலைதான். இடைவிடாது நினைவூட்டுவது மறுபாதி.

தமிழகத்தில் 2006இல் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 96 இடங்களே. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் நின்ற அந்த ஆட்சியில்தான், சமுதாயம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த தனி இடஒதுக்கீடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதமாக 2007இல் கிடைத்தது.

எந்தச் சின்னம்?

கூட்டணியில் சேர்ந்ததும் எழும் வினா, யாருடைய சின்னத்தில் நிற்பது என்பதாகும். 2021 சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம் லீக் தனது ஏணிச் சின்னத்தில் மூன்று தொகுதிகளில் நின்று மூன்றையும் இழந்தது. மனிதநேய மக்கள் கட்சி உதயசூரியன் சின்னத்தில் இரண்டில் நின்று இரண்டையும் வென்றது. அப்படியானால் பெரிய சின்னமே நல்லது என்று தோன்றும். ஆனால் பிறர் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் கண்களில் அக்கட்சியின் உறுப்பினரே. 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி அக்கட்சிக் கொறடாவின் உத்தரவை அவர் மீறினால் பதவியை இழக்க நேரிடும். அதே ஏணிச் சின்னம் 2019இலும் 2024இலும் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் வென்றதையும் மறந்துவிடலாகாது. தன் சின்னத்தில் நிற்பவனுக்கு உழைப்பு அதிகம். குரலும் தனக்கே சொந்தம்.

நம் ஊர் காட்டும் பாடம்

எங்கள் பருத்திப்பட்டு அடங்கிய ஆவடி தொகுதி 2011இல்தான் முதல் தேர்தலைக் கண்டது. அவ்வாண்டு வென்ற அ.தி.மு.க.வின் அப்துல் ரஹீமும், 2021இல் வென்ற தி.மு.க.வின் நாசரும் அமைச்சர்களாயினர். நம்மவர் மந்திரியாவது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவர் முதலில் தம் கட்சிக்கே கட்டுப்பட்டவர். ஆகவே அது உடன்படிக்கைக்கு ஈடாகாது. இதே ஆவடியில் 2016இல் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை 1,500க்கும் குறைவான வாக்குகள். ஒரு சில தெருக்களின் வாக்குகள் அவை! அந்தத் தெருக்களில் நடப்பவன் தொண்டன் அல்லவா? தன் மதிப்பை அவன் உணர வேண்டும்.

உடன்படிக்கை நமக்குப் புதிதன்று

நபித்துவத்திற்கு முன்பு மக்காவில், யமன் நாட்டு வணிகர் ஒருவருக்குப் பொருளின் விலை மறுக்கப்பட்டது. அநீதிக்குள்ளானவருக்குத் துணை நிற்போம் என்று குறைஷிகளில் சில குலத்தார் ஒன்றுகூடி உறுதி செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை. நமது பெருமானார் (ஸல்) அவர்கள் இளமையில் அதில் பங்கேற்றார்கள். நபியான பின்னரும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். கொள்கை வேறுபட்டோருடனும் கூடலாம். ஆனால் எதற்காகக் கூடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சொன்ன சொல்லை இரு தரப்பாரும் காக்க வேண்டும்.

ஆகவே, தொண்டராக உழைக்கும் சகோதரர்களே! அடுத்த தேர்தலில் கொடியைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் நிபந்தனைகள் எவை? அவை எழுத்தில் உள்ளனவா? நிறைவேறாவிடில் யார், எப்போது, எங்கே கேட்பார்கள்? தாய்மார்களே! வீட்டில் இருந்து தேர்தல் பணிக்குப் புறப்படும் மகனிடமும் கணவரிடமும் இவற்றை நீங்களும் கேளுங்கள். உங்கள் வாக்கும் அந்தக் கூட்டணியில்தான் சேர்கிறது. இக்கேள்விகளுக்கு விடை பெற்று உழைப்பவனுக்குப் பள்ளிவாசல் வாயிலில் மக்களிடம் சொல்லப் பதில் இருக்கும்.