துவக்கின் பின்பக்கம் ஒரு மில்லிமீற்றர்

கமரா ஸ்டெபிலைசேஷன் பற்றின எபிசோட்டில், "கையில பிடிச்சா ஆடும், ஸ்டாண்டில வைச்சா ஆடாது, அவ்வளவுதான்" என்று நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னது ஞாபகம் இருக்கா? அது பாதிதான் சரி. மற்றப் பாதியை எனக்குக் காட்டித் தந்தது கமரா இல்லை, ஒரு வேட்டைக்காரரின் முக்காலி.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடினால், ஆடு வளர்க்கிற அண்ணா ஒருவர் இருக்கிறார். எங்கட ஆக்களின் கலியாண வீட்டுக் கறிச்சட்டிகளில் அவருடைய ஆடும் கொஞ்சம் இருக்கும். அவருடைய தலையிடி கொயோட்டி. நரியை விடப் பெரிசு, ஓநாயை விடச் சின்னன். குட்டி போடுகிற காலத்தில் வேலியைச் சுற்றி வரும். மின்சார வேலி இருக்கு, வெள்ளைக் கரடி மாதிரி ஒரு கிரேட் பிரனீஸ் காவல் நாயும் இருக்கு. அதையும் தாண்டி ஒன்று பழகிவிட்டால் துவக்குத்தான்.

போன மாரியில் ஒரு விடியற்காலை அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கொயோட்டி 150 மீற்றரில், அசையாமல், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணா துவக்கை முக்காலியின் கவையில் வைத்து, பத்து விநாடி ஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார். "ஆடுது" என்றார். ஆட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பட்டியைப் பார்த்தவன் நான்.

முக்காலியில் வைத்த பிறகும் ஏன் ஆடுகிறது? கணக்கு லேசானது. முன்பக்கம் கவையில் இருக்கிறது, பின்பக்கம் உங்கள் தோளில். இரண்டுக்கும் இடையில் சுமார் 70 சென்ரிமீற்றர். முன்பக்கம் கல் மாதிரி நின்றாலும், மூச்சிலோ இதயத் துடிப்பிலோ தோள் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால், 150 மீற்றரில் குறி 21 சென்ரிமீற்றர் விலகும். கொயோட்டியின் நெஞ்சில், பட்டால் உடனே விழுகிற இடம் கிட்டத்தட்ட 15 சென்ரிமீற்றர் அகலம். வெளியே பட்டால் அது விழாது. வயிற்றில் குண்டோடு பற்றைக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து மெதுவாகச் சாகும். அண்ணா இறக்கியது அதற்காகத்தான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், துவக்கு வேண்டாம். தும்புத்தடிக் கம்பில் ஒரு லேசர் பொயின்ரரை ஒட்டுங்கள். பேஸ்மன்டில் 10 மீற்றர் தள்ளி இருந்து, கம்பின் முன்பக்கத்தைக் கதிரை முதுகில் வைத்து, பின்பக்கத்தைத் தோளில் பிடித்து, சுவரில் புள்ளியைப் பாருங்கள். கண்ணுக்கு நேரே மட்டும் அடிக்காதீர்கள். எனக்கு மூன்று சென்ரிமீற்றர் அலைந்தது. 150 மீற்றருக்கு 15 ஆல் பெருக்க, 45 சென்ரிமீற்றர். பிறகு கம்பின் பின்பக்கத்துக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தேன். அரைச் சென்ரிமீற்றர்தான். கதிரை அதே கதிரை.

அதனால் கடையில் "எத்தனை கால்?" என்று கேட்பதற்கு முதல், "பின்பக்கத்தை எது தாங்கும்?" என்று கேளுங்கள்.

துவக்கிலேயே பூட்டுகிற இரட்டைக்கால் பைபொட், படுத்துச் சுடும்போது மிக நல்லது. நெஞ்சும் முழங்கைகளும் நிலத்தில், பின்பக்கத்துக்கு ஒரு சின்ன மணல் பை. ஆனால் ஒன்ராறியோவில் சோளம் வெட்டின வயலில் படுத்தால் அடிக்கட்டைகளும் பனியும்தான் தெரியும்.

இரண்டு கம்பைக் குறுக்கே கட்டின எக்ஸ் வடிவத் தாங்கி பழைய சாமான். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் எருமை வேட்டைக்காரர்கள் பாரமான துவக்குகளை இதில்தான் வைத்தார்கள். இப்பவும் நிலத்தில் இருந்து சுடுகிறவருக்கு இது பிழையில்லை. பாரமில்லை, சத்தமில்லை, நீங்களே செய்யலாம். முழங்காலில் முழங்கை ஊன்றினால் பின்பக்கமும் பாதி தாங்கப்படும்.

இங்கிலாந்தில் நரி சுடுகிறவர்கள் விரும்புவது நாலு கால் குவாட் ஸ்டிக்ஸ். துவக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் படுக்கும், அதனால் நின்றுகொண்டே நல்ல உறுதி. குறை என்னவென்றால், எதிர்பாராத பக்கத்தில் மிருகம் வந்தால் முழுவதையும் தூக்கித் திருப்பவேணும். குரல் கேட்டு வருகிற கொயோட்டி காற்று மறைவுப் பக்கமாகச் சுற்றி வருகிற ஆள். முன்னுக்கு வரும் என்று அதுக்கு யார் சொன்னது?

கமரா பைத்தியங்களுக்குப் பிடிக்கப்போவது பிடித்துப் பூட்டுகிற ட்ரைபொட். லென்ஸ் பூட்டுகிற அதே ஆர்க்கா-ஸ்விஸ் தகடு இப்போது துவக்கின் அடியிலும் வருகிறது. பூட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் துவக்கு அப்படியே நிற்கும். பின்பக்கப் பிரச்சினை பெருமளவு தீரும். ஆனால் பாரம், விலை, பிறகு அந்தத் தலையின் இறுக்கம். இறுக்கினால் திருப்ப முடியாது, தளர்த்தினால் துவக்கு மூக்குக் குத்தும். அண்ணா ஒன்று வாங்கி, ஒரு மாரி பாவித்துவிட்டு, இப்போது அதில் பைனாகுலர் வைத்திருக்கிறார்.

அவர் பாவிக்கிறது விசையை அழுத்தினால் கால் நீளம் மாறுகிற வகை. ஒரு கையால் உயரத்தை மாற்றலாம், கவை சுழலும். நல்ல சாமான். அன்றைக்குப் பிழைத்தது சாமானில் இல்லை. பனி குவிந்து இருந்த இடத்தை மறைத்ததால் எழும்பி நின்று, கால்களைக் கடைசி வரை இழுத்திருந்தார். மெல்லிய கீழ்க்கால்களும் வெளியே வந்தால் எந்த ட்ரைபொட்டும் நடுங்கும், கமராக்காரருக்கு இது தெரியும். தோளுக்கோ ஒரு ஆதாரமும் இல்லை.

ஆகவே உயரத்தை உங்கள் உடம்பில் அளவெடுத்து வாங்குங்கள். நீங்கள் உண்மையில் இருக்கப்போகிற சின்ன ஸ்டூலில் இருந்து, நிலத்திலிருந்து தோள் வரை அளந்து பாருங்கள். அந்த உயரத்துக்குத் தடித்த மேல்கால்கள் மட்டும் போதுமான மாதிரி எடுங்கள். நின்று சுடுகிற உயரம் இருந்தால் போனஸ்.

கனடாவுக்கு மட்டும் இன்னும் இரண்டு விசயம். குளிரில் அலுமினியம் வெறுங்கையைக் கடிக்கும், தட்டுப்பட்டால் மணி மாதிரிச் சத்தமும் போடும். கால்களில் ஹொக்கி ரேப் சுற்றினால் இரண்டும் தீரும். கார்பன் ஃபைபர் லேசு, அவ்வளவு சில்லென்றும் இராது, ஆனால் காசு. திருகிப் பூட்டுகிற கால்களுக்குள் தண்ணீர் போனால் உறைந்து திறக்காது. அதனால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயவைக்கவேணும். பனியில் வைக்கும்போது முதலில் மேலோடு உடையும்வரை கால்களை அமத்துங்கள். இல்லாவிட்டால் சரியாகச் சுடுகிற நேரத்தில் ஒரு கால் மட்டும் இறங்கும்.

யாராவது ஆசையில் நேரே கடைக்கு ஓடாதீர்கள். இங்கே துவக்கு உரிமத்துக்குப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டைக்குத் தனி வகுப்பு, தனி லைசென்ஸ். இரவு வேட்டைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு.

அண்ணா இப்போது வைக்கோல் கட்டுகளுக்கு மேலே ஸ்டூல் போட்டிருக்கிறார். முன்னுக்கு அதே முக்காலி, குட்டையாக. வலது முழங்கைக்குக் கீழே ஆட்டுத்தீவனப் பை ஒன்று. தன்னுடைய எல்லை 120 மீற்றர் என்று கட்டில் ஒரு சிவப்பு ரேப் ஒட்டி, அந்தத் தூரத்து வேலிக்கம்பத்திலும் ஒன்று ஒட்டியிருக்கிறார். அந்தக் கொயோட்டி இன்னும் வருகுதாம், கம்பத்துக்கு அங்கால மட்டும்.

லேசர் சோதனை செய்தால் உங்கள் சென்ரிமீற்றரை எழுதி அனுப்புங்கோ. தலையணையோடும் இல்லாமலும், இரண்டும் வேணும்.