கோயிற்காடும் வித்தின் வலிமையும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், பைல் நாடு முதலிய நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தெய்வத்துக்கெனக் காடுகளை விட்டுவைத்துள்ளனர். அங்கே மரம் வெட்டலாகாது என்பது மரபு. நற்செயலே, ஆயினும் காவல் மட்டும் போதாது. சுற்றிலும் மரவள்ளியும் காப்பித் தோட்டமும் பரவியமையால், அக்காடுகள் தீவுகள்போல் தனித்துவிட்டன.

ஓர் அரிய மரத்தினம் ஒரு காட்டில் நாலைந்தே எஞ்சின், அவை தமக்குள்ளேயே மகரந்தம் கலக்கும். நெருங்கிய உறவிலேயே வழிவழி மணம்செய்த குடியைப்போல வித்து வலிகுன்றும். மரபு வேற்றுமை சுருங்கும். புதுநோய் வரின், அதனைத் தாங்கும் மரம் ஒன்றேனும் இராது போகலாம்.

வண்டும் பறவையும் வௌவாலும் காடுவிட்டுக் காடு செல்ல, இடைவழியில் மரங்கள் வேண்டும். காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக் ஒன்றையே நடாது, நாவலும் அத்தியும் நடுதல் நன்று. நாற்றிடும் அன்பர்கள் ஒரே மரத்தடியில் விதை பொறுக்காது, பல காடுகளின் விதைகளைக் கலந்து விதைத்தல் வேண்டும்.