குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் ஒன்ராறியோவில் என்ன நடக்கும்?

எமது கொண்டாட்டங்களில் "ரெண்டு பெக் தானே" என்று கார்ச் சாவியை எடுப்பவர்களைப் பார்க்கிறோம். ஈரல் மதுவைத் தன் வேகத்தில்தான் அகற்றும். மணித்தியாலத்துக்கு, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம். கோப்பி குடித்தாலும் குளித்தாலும் அது கூடாது. 80 மில்லிகிராமை எட்டினால் குற்றவியல் வழக்கு.

2018 டிசம்பர் முதல், சந்தேகம் இல்லாவிட்டாலும், சட்டப்படி நிறுத்திய சாரதியைப் பொலிசார் ஊதச் சொல்லலாம். "ஊதாவிட்டால் சாட்சியம் இல்லை" என்று நம்மவர் சிலர் சொல்வது வெறும் கதை. மறுப்பதும் குற்றமே, குறைந்தபட்ச அபராதம் 2,000 டொலர். வழக்கு முடியுமுன்பே சாரதி அனுமதிப்பத்திரம் 90 நாட்களுக்கும், கார் 7 நாட்களுக்கும் கைவிட்டுப் போகும்.

பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணியோடு தனிமையில் பேச உரிமை உண்டு. தெரிந்தவர் எவரும் இல்லையென்றால் இலவசச் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அதே 2018 மாற்றத்தில் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகளானது. அதனால் குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவிடவாசிக்கு இது நாடுகடத்தல் வரை போகக்கூடிய பாரதூரமான குற்றம். 1,000 டொலர் அபராதத்தோடு முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன், குடிவரவுச் சட்டமும் தெரிந்த ஒருவரிடம் வழக்கைக் காட்டுங்கள். பரிசோதனை முறைப்படி நடந்ததா, சட்டத்தரணியோடு பேச விட்டார்களா என்பதை அவர் முதலில் பார்ப்பார்.